பெங்களூரில் வீட்டுக்கல்வி: தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பதைப் பற்றிப் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். 'எந்தப் பாடத்திட்டம் நல்லது?' என்பதுதான் பெரும்பாலானோரின் முதல் கேள்வி. அதைவிட முக்கியமானது எந்த வயதில் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது. சில முடிவுகளைத் தள்ளிப்போடலாம். சிலவற்றைத் தள்ளிப்போட்டால் பதினேழு வயதில் கல்லூரி வாசலில் நின்று தவிக்க வேண்டிவரும்.

1. ஹோம்ஸ்கூலிங்னா வீட்டுக்கே டீச்சரை வரவெச்சு டியூஷன் எடுக்கிறதா?

இல்லை. டியூஷனில் பாடத்தையும் வேகத்தையும் தேர்வையும் பள்ளி முடிவு செய்கிறது. வீட்டுக்கல்வியில் அந்தப் பொறுப்பு முழுவதும் பெற்றோருடையது. கணக்குக்கோ வயலினுக்கோ ஓர் ஆசிரியர் வந்து போகலாம். ஆனால் அடுத்து எது, ஏன் என்று தீர்மானிப்பது நீங்கள்.

நடைமுறையில் மூன்று விதமான குடும்பங்கள் இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தையே வீட்டில் நடத்துபவர்கள், கணக்குக்கும் மொழிக்கும் மட்டும் ஒழுங்கு வைத்து மற்றதைப் பிள்ளையின் ஆர்வத்துக்கு விடுபவர்கள், பாடம் என்று எதையுமே வைக்காதவர்கள். நடு வழிதான் அதிகக் குடும்பங்களுக்குத் தாங்கும் என்பது எங்கள் கணிப்பு.

2. ஸ்கூலுக்கு அனுப்பலைன்னா சட்டப்படி தப்பா? கேஸ் போடுவாங்களா?

2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி தர வேண்டும் என்கிறது. அதில் 'கட்டாயம்' என்ற சுமை அரசின் மீது இருக்கிறது. பிரிவு 10, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனையோ அபராதமோ அந்தச் சட்டத்தில் இல்லை.

அதனால் வீட்டுக்கல்வியை வெளிப்படையாக அங்கீகரிக்கும் சட்டமும் இல்லை, அதற்காகப் பெற்றோரைத் தண்டிக்கும் பிரிவும் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். யாராவது விசாரிக்க வந்தால், பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும் கோப்பு கையில் இருப்பதே நல்ல பதில். அதைப் பற்றி 13-ஆம் கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

3. பையன் மூணாவது படிக்கிறான். நிறுத்தறதுன்னா முதல்ல என்ன செய்யணும்?

கல்வியாண்டு முடிவில் நிறுத்துங்கள். நடுவில் நிறுத்தினால் கட்டிய கட்டணமும் போகும், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்குவதும் இழுபடும். டி.சி.யையும் கடைசி மதிப்பெண் அட்டையையும் கேட்டு வாங்குங்கள். கர்நாடகப் பள்ளியாக இருந்தால் பிள்ளையின் சாட்ஸ் எண்ணையும் (மாநிலக் கல்வித்துறைப் பதிவில் மாணவருக்குள்ள அடையாள எண்) குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பள்ளிக்குத் திரும்பினால் அது கேட்கப்படும்.

அடுத்த வேலை பெயர். தமிழ்க் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், ஆதாரில் முன்னெழுத்தோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் இருக்கும். பள்ளியில் இருக்கும்போது பள்ளிப் பதிவேடு இதையெல்லாம் ஒருவாறு மூடிவிடும். வீட்டுப் பிள்ளைக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. பிறப்புச் சான்றிதழை மூலமாக வைத்து, ஆதாரை அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்படி பத்து வயதுக்குள் திருத்திவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்ததும் பிள்ளைக்குச் சில வாரங்கள் சும்மா இருக்க நேரம் கொடுங்கள். பள்ளி மணிக்குப் பழகிய பிள்ளை முதலில் 'போரடிக்குது' என்றுதான் சொல்லும். அந்த நாட்களில் கதை வாசிப்பும் வெளியே போவதும் போதும்.

4. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார வைக்கணும்?

பள்ளியின் ஆறு மணி நேரத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அங்கே வருகைப்பதிவு, வரிசை, நாற்பது பேரை அமைதிப்படுத்துவது என்று நிறைய நேரம் போகிறது. ஒரு பிள்ளை, பக்கத்தில் ஒரு பெரியவர் என்றால், 6–8 வயதுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், 9–11 வயதுக்கு இரண்டு முதல் இரண்டரை, 12–14 வயதுக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் மேசை வேலை போதும். சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் 15–20 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

பல வீடுகளில் தாங்குகிற ஒழுங்கு இது: காலைச் சாப்பாடு முடிந்ததும் கணக்கு, உடனே மொழி, பிறகு இடைவெளி, அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் அறிவியல் அல்லது வரலாறு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை வேலை வேண்டாம். சத்தமாக வாசித்துக் காட்டுவது, படம் வரைவது, தைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த நேரத்துக்கு உரியவை. நாலரை மணிக்கு மேல் அப்பார்ட்மெண்ட் பிள்ளைகள் கீழே இறங்குவார்கள். அந்த நேரத்தைப் பாடம் எதுவும் பிடுங்கக் கூடாது.

நேரத்தை விட வரிசை முக்கியம். எட்டரையோ ஒன்பதோ, எழுந்ததும் எது, அதன் பிறகு எது என்பது மாறாமல் இருந்தால் பிள்ளை தினமும் பேரம் பேசாது. வாரத்துக்கு நான்கு நாள் மேசை, ஒருநாள் வெளியே என்ற கணக்கும் நன்றாகவே ஓடும்.

5. ரெண்டு பேரும் ஐ.டி. வேலை. முடியுமா?

பிள்ளைக்கு எட்டு வயதுக்குள் என்றால், ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என்பது பிள்ளையோடு இருப்பது ஆகாது. மீட்டிங்கின் நடுவே கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தால் இரண்டும் கெடும். ஒருவர் காலை 7 முதல் 9 வரை பாடம், மற்றவர் மாலையில் வாசிப்பும் விளையாட்டும், நடுவில் தாத்தா பாட்டி அல்லது நம்பிக்கையான ஒருவர் என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. பாட்டி கணக்கு நடத்த வேண்டாம். தமிழில் பேசி, கதை சொல்லி, சமையலறையில் அளக்க வைத்தாலே பெரிய பங்கு.

பத்து பதினோரு வயதுக்கு மேல் பிள்ளை ஒரு மணி நேரம் தானாக வேலை செய்யும். முந்தின இரவே மறுநாள் வேலையை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை கணக்கு, முடித்ததும் எங்கே வைக்க வேண்டும் என்று. 'அஞ்சாம் பாடம் படி' என்று எழுதினால் அது நடக்காது.

இரண்டு வேலையையும் முழு நேரமாக வைத்துக்கொண்டு, உதவிக்கு யாரும் இல்லாமல், பிள்ளையை நாள் முழுக்க ஆன்லைன் வகுப்பில் உட்கார வைக்கத்தான் போகிறோம் என்றால், அதைவிட அருகிலுள்ள நல்ல பள்ளி மேல்.

6. எந்த கரிகுலம் வாங்கறது? ஒண்ணு ஒண்ணும் இருபதாயிரம், முப்பதாயிரம்னு இருக்கு.

முதல் ஆண்டில் எதையும் பெட்டியோடு வாங்க வேண்டாம். வெளிநாட்டுப் பெட்டிப் பாடங்களில் நாணயமும் பருவகாலமும் அளவைகளும் வேறு. அங்குலத்தையும் அவுன்சையும் வைத்துக் கணக்குப் போட்ட பிள்ளை, இங்கே கிராமையும் மில்லிலிட்டரையும் தனியாகக் கற்க வேண்டியிருக்கும். பாதி வழியில் பிள்ளைக்குப் பிடிக்காமல் போனாலும், கொடுத்த பணத்துக்காக அதையே இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

முதுகெலும்பாக ஒரே ஒரு புத்தக வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசம், அச்சுப் பிரதியும் மலிவு. 2023 முதல் வகுப்பு வகுப்பாகப் புதிய புத்தகங்கள் வந்துவிட்டன. பழைய வீடியோக்களும் வழிகாட்டி நூல்களும் புதிய புத்தகத்தோடு ஒத்துப்போகாது என்பதைக் கவனியுங்கள். தமிழ் வழியில் படிக்க வைக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் உள்ளன. கீழ்வகுப்புகளுக்குப் பருவம் வாரியாக மூன்று பகுதிகளாக, அவையும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கும். சூழ்நிலையியலும் தமிழும் இவற்றிலிருந்து, கணக்கு என்.சி.இ.ஆர்.டி.யிலிருந்து என்று கலப்பது நல்ல சேர்க்கை.

எதை எடுத்தாலும் மூன்று மாதம் மாற்றாதீர்கள். தடுக்கி நிற்கிற வாரத்தில்தான் புதுப் பாடத்திட்டம் தேடத் தோன்றும். பெரும்பாலும் சிக்கல் புத்தகத்தில் இருக்காது, ஒரு படி தாண்டிப் போயிருப்பீர்கள். நான்கு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள்.

7. எனக்கே கணக்குன்னா பயம். நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

ஐந்தாம் வகுப்பு வரையுள்ள கணக்குக்கு உங்களுக்குத் தேவை பொறுமையும் கையில் பிடிக்கும் சில பொருள்களும். நூறு மணிகளை ஒரு கயிற்றில் கோர்த்துக்கொள்ளுங்கள்: பத்து சிவப்பு, பத்து வெள்ளை, மறுபடி பத்து சிவப்பு என்று. 37-ஆவது மணிக்குப் பின்னால் ஒரு துணிக் கிளிப் மாட்டச் சொல்லுங்கள். ஒன்று ஒன்றாக எண்ணாமல் மூன்று பத்து தாண்டி ஏழு என்று போகத் தெரிந்தால், இடமதிப்பு புரிய ஆரம்பித்துவிட்டது. 28-உடன் 7 கூட்ட, முதலில் 2 மணி நகர்ந்து 30, பிறகு 5 என்று கயிறே காட்டிக்கொடுக்கும். தாளுக்குப் போகும் முன் இதில் சில வாரங்கள் இருக்கலாம்.

கழித்தலில்தான் அதிகப் பிள்ளைகள் விழும். 302-இலிருந்து 178 கழிக்கச் சொன்னால் '2-லிருந்து 8 போகாது, 8-லிருந்து 2 போகும்' என்று 276 எழுதும். கடன் வாங்கும் சூத்திரத்தைத் திரும்பச் சொல்வதால் இது தீராது. விளக்குமாற்று ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, பத்துக் கட்டுகளை ஒரு நூறாகச் சேருங்கள். 302-ஐ வைக்கச் சொல்லுங்கள். 8 எடுக்க வேண்டுமென்றால் ஒரு நூறுக் கட்டைப் பிரித்தாக வேண்டும், அதிலிருந்து ஒரு பத்தைப் பிரித்தாக வேண்டும். கையால் பிரித்த பிறகுதான் நடுவில் இருந்த சுழியம் ஒன்பதாவது ஏன் என்று புரியும்.

பெருக்கலுக்குக் கட்டம் போட்ட நோட்டு. 6×7 என்றால் ஆறு வரிசை, ஏழு கட்டம். அதை 6×5, 6×2 என்று ஒரு கோட்டால் பிரித்தால் 30-உம் 12-உம். இப்படிக் கண்ட பிறகு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யட்டும். மனப்பாடமும் வேண்டும், அதைத் தவிர்த்தால் ஆறாம் வகுப்புப் பின்னத்தில் மூச்சு முட்டும். பின்னத்துக்கு ஒரே நீளக் காகிதப் பட்டைகள் போதும். 1/3-உம் 1/4-உம் கூட்டி 2/7 என்று சொல்லும் பிள்ளையிடம் இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் வைத்து, பாதியைவிட அதிகமா குறைவா என்று மட்டும் கேளுங்கள். 2/7 பாதியைவிடக் குறைவு. பட்டைகளோ சேர்ந்து பாதியைத் தாண்டி நிற்கும். எட்டாம் வகுப்புக்கு மேல் உங்களால் முடியாவிட்டால் ஆசிரியர் வைப்பதில் தவறே இல்லை.

8. வீட்ல தமிழ் பேசறா, ஆனா ஒரு எழுத்து தெரியாது. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

அ, ஆ, இ, ஈ என்று 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதவைத்துத் தொடங்க வேண்டாம். பிள்ளை இரண்டு மாதம் எழுதியும் ஒரு சொல்கூட வாசித்திருக்காது. எளிய கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள்: ட, ப, ம, அதோடு புள்ளி. முதல் நாளே 'படம்', 'மடம்', 'பட்டம்' வாசிக்கலாம். அடுத்து ர, க, ல, வ: 'மரம்', 'கடல்', 'பகல்'. பிறகு துணைக்கால் வந்தால் 'பாடம்', 'காகம்'. இ, ஈ வரிசை அதன் பின். எ, ஏ, ஐ வரிசையில் குறி முன்னால் எழுதி ஒலி பின்னால் வருவதால் பிள்ளை குழம்பும். இரண்டையும் சேர்த்து ஒரே உருவாக அட்டையில் காட்டுங்கள்.

உ, ஊ வரிசையைக் கடைசியில் வையுங்கள். அதை உருவத்தால் மூன்று கூட்டமாகப் பிரித்தால் சுலபம்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம், சு, பு, யு, வு ஒரு கூட்டம், து, நு, ணு, லு, று, னு ஒரு கூட்டம். ல-ள-ழ, ந-ன-ண, ர-ற பிழைகளை முதல் ஆண்டில் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். நிறைய வாசித்தால் பாதி தானாகச் சரியாகும். தினம் பதினைந்து நிமிடம் என்ற அளவில், ஆறேழு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓர் ஆண்டில் வாசிப்பு வந்துவிடும்.

பெங்களூரில் வளரும் பிள்ளைக்கு இன்னொரு தடை உண்டு. அது கேட்டு வளர்ந்தது 'வந்தாங்க, போனாங்க'. புத்தகத்தில் இருப்பது 'வந்தார்கள், சென்றார்கள்'. எழுத்து தெரிந்தும் பொருள் பிடிபடாமல் புத்தகத்தை மூடிவிடும். தினமும் ஒரு கதையை நீங்கள் எழுத்துத் தமிழிலேயே சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் இதற்கு மருந்து. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளாக இலவசமாக இருக்கின்றன. அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு முறையாகச் சான்றிதழோடு வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகம் அடிப்படையிலிருந்து சான்றிதழ் நிலைப் பாடங்கள் நடத்துகிறது.

9. கன்னடம் வேணுமா? இந்தியும் படிக்கணுமா? மொழியே நாலாயிடுதே.

கன்னடம் வேண்டும். கர்நாடகப் பள்ளிகளைக் கன்னடம் கற்பிக்கச் சொல்லும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பிள்ளையைத் தொடாது என்பதால் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை வாழும் ஊரின் மொழி அது. பேச்சு முதலில் வரட்டும்: காய்கறி வண்டி, பக்கத்து வீடு, விளையாட்டு மைதானம். தமிழ் வாசிப்பு நிலைத்து ஆறு மாதம் கழித்து எழுத்தைத் தொடங்கலாம். உயிரெழுத்து வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். தமிழில் ஒரு 'க' நிற்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் நிற்பதுதான் புதிது. மெட்ரோ நிலையப் பெயர்ப் பலகைகளும் பஸ் பலகைகளும் நல்ல வாசிப்பு அட்டைகள்.

இந்தி அவசரமில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அது கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். 14-ஆம் கேள்வியில் வரும் வழிகள் எதிலும் கட்டாயமில்லை.

10. லேப் இல்லாம சயின்ஸ் எப்படி?

எட்டாம் வகுப்பு வரை என்.சி.இ.ஆர்.டி. சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மஞ்சள், சோடா உப்பு, காந்தம், பேட்டரி, பல்பு, லென்ஸ், வெப்பமானி போதும். செய்ததைத் தேதியோடு எழுதி, படம் போட்டு, எதிர்பார்த்தது என்ன நடந்தது என்ன என்று இரண்டு வரி சேர்க்கப் பழக்குங்கள். அந்த நோட்டுதான் லேப்.

ஊர் மிச்சத்தைத் தரும். கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் இயந்திரங்களைத் தொட்டுப் பார்க்கலாம். நேரு கோளரங்கம் இருக்கிறது. லால்பாக்கில் உள்ள பாறை ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையானது. நிலவியலை அதன் மேல் உட்கார்ந்தே தொடங்கலாம். வாரநாள் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. ஒரு முறைக்கு ஒரு கூடம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். முழுவதும் ஒரே நாளில் என்றால் எதுவும் நிற்காது.

11. நாலு பசங்களோட பழகவே மாட்டானே?

தானாக நடக்காது என்பது உண்மை. பள்ளியில் சும்மா கிடைப்பதை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதே பிள்ளைகளைப் பார்க்கும் ஓர் இடம் தேவை: கால்பந்து, நீச்சல், பாட்டு வகுப்பு, நூலகம். மாதம் ஒருமுறை வெவ்வேறு கூட்டத்தைச் சந்திப்பதால் நட்பு வராது.

விளையாட்டில் தீவிரமான பிள்ளைக்கு ஒரு விவரம். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பள்ளிச் சான்று கேட்பார்கள். செஸ், டென்னிஸ் போன்றவற்றில் சங்கங்கள் நடத்தும் வயதுப் பிரிவுப் போட்டிகளுக்குப் பிறப்புச் சான்றிதழோடு பதிவு செய்துகொள்ளலாம். 3-ஆம் கேள்வியில் சொன்ன பெயர்த் திருத்தம் இங்கேயும் உதவும்.

12. எங்க அப்பார்ட்மெண்ட்ல நாலு குடும்பம். ஒரு டீச்சரை வெச்சு ஒரே வீட்ல தினம் நடத்தலாமா?

கவனமாக இருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 18, அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், தொடர்ந்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும் விதிக்கலாம் என்கிறது. கட்டணம் வாங்கி, தினமும், முழு நேரமும், ஒரே இடத்தில் நடத்தினால் அதைப் பள்ளியாகப் பார்க்க இடமுண்டு. வாரம் இரண்டு நாள், வீடு மாற்றி வீடு, ஒரு பெற்றோர் ஒரு பாடம் என்று கூடுவது வேறு. அது பிள்ளைகளுக்கும் நல்லது.

13. பரீட்சையே இல்லைன்னா படிக்கிறாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?

ஒரே பிள்ளையை தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகாது. ஆனால் அது உங்கள் மனதில் மட்டும் இருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு பெட்டிக் கோப்பு வையுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு கணக்குத் தாள், சொந்தமாக எழுதிய ஒரு பக்கம், ஓர் அறிவியல் குறிப்பு, வாசித்த புத்தகங்களின் பட்டியல், போன இடங்கள். எல்லாவற்றிலும் தேதி. நன்றாக வந்ததை மட்டும் தேர்ந்தெடுத்து வைக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, அடுத்த வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் பிள்ளை உதவியில்லாமல் வாசித்துக் கணக்குப் போடுகிறதா என்று பாருங்கள். அது போதுமான சோதனை. பதினோரு வயதிலிருந்து நேரம் வைத்து எழுதும் பழக்கம் தனியாக வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் தடுமாறுவது பாடத்தை விட, மூன்று மணி நேரம் தொடர்ந்து கையால் எழுதுவதில்தான்.

14. பத்தாவது எப்படி எழுதறது? சி.பி.எஸ்.இ. பிரைவேட்டா எழுத முடியாதா?

சி.பி.எஸ்.இ.யிலும் ஐ.சி.எஸ்.இ.யிலும் ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு பள்ளி வழியாகப் பதிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து நேராக முதல் முறை எழுத வழியில்லை. பெரும்பாலான குடும்பங்கள் போகும் வழிகள் இரண்டு: தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் என்கிற என்.ஐ.ஓ.எஸ்., அல்லது கேம்பிரிட்ஜ் நடத்தும், பத்தாம் வகுப்புக்கு நிகரான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு.

என்.ஐ.ஓ.எஸ். மத்திய அரசின் வாரியம், 1989-இல் தொடங்கப்பட்டது. பத்தாம் வகுப்பில் சேர 14 வயது, பன்னிரண்டில் சேர 15 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் எடுக்க வேண்டும், அதில் குறைந்தது ஒரு மொழி, அதிகம் இரண்டு. தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஐந்தையும் ஒரே நேரத்தில் எழுத வேண்டியதில்லை. முதலில் இரண்டு, அடுத்த முறை மூன்று என்று பிரிப்பது வீட்டுப் பிள்ளைக்கு மிகப் பொருந்தும்.

எதுவென்று பன்னிரண்டு வயதுக்குள் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் இதைப் பற்றிக் கவலைப்படுவது வீண். அதற்குப் பின் என்றால் தயாரிப்புக்கு நேரம் போதாது.

15. என்.ஐ.ஓ.எஸ். சுலபம்னு சொல்றாங்களே, அதுல என்ன தப்பு நடக்கும்?

பதிவு செய்தாலே தேர்வுக்குப் பதிந்ததாக நினைப்பதுதான் முதல் தவறு. சேர்க்கைக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. தேர்வுக் கட்டணத்தை அதற்கான தேதிக்குள் பாடவாரியாகக் கட்ட வேண்டும். இரண்டாவது, டி.எம்.ஏ. எனப்படும் ஒப்படைப்பு வேலை. அதற்கு 20 சதவீத மதிப்பெண். பாடத்தில் ஒரு பகுதி ஒப்படைப்புக்கு மட்டும், மீதிதான் பொதுத்தேர்வுக்கு என்று பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவைப் பார்க்காமல் முழுப் புத்தகத்தையும் தேர்வுக்குப் படித்து நேரத்தை இழக்கிறார்கள்.

மூன்றாவது செய்முறை. அறிவியலுக்கு மட்டுமல்ல, பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் செய்முறை மதிப்பெண் உண்டு. அது நீங்கள் தேர்ந்தெடுத்த கல்வி மையத்தில் நடக்கும். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். அதனால் மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுக்கு அருகில் என்பதோடு உங்கள் பாடங்களுக்கு அங்கே செய்முறை வசதி இருக்கிறதா என்றும் போய்ப் பாருங்கள்.

16. ஐ.ஜி.சி.எஸ்.இ. எடுத்தா நல்லதா?

செலவு பல மடங்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்தின் கட்டணம், புத்தகம் எல்லாம் சேரும். தனித்தேர்வராகச் சேர்க்கும் மையத்தை ஓர் ஆண்டு முன்பே உறுதி செய்ய வேண்டும், எல்லாப் பள்ளியும் சேர்ப்பதில்லை. பள்ளியிலேயே செய்து மதிப்பிடும் வேலை உள்ள பாடங்களைத் தவிர்த்து, அறிவியலில் செய்முறைக்கு மாற்றான எழுத்துத் தாள் உள்ள வழியை எடுங்கள். இந்தியக் கல்லூரிகளுக்குப் போவதென்றால், பத்தாம் வகுப்புக்கு நிகராக ஏற்க ஐந்து பாடங்களில் ஏ முதல் சி வரையான தரம் வேண்டும். நான்கு பாடத்தோடு நிறுத்தியவர்கள் பின்னால் தவிக்கிறார்கள்.

வெளிநாட்டுப் படிப்பு உறுதி, பணமும் இருக்கிறது என்றால் மட்டும் இந்த வழி. மற்றவர்களுக்கு என்.ஐ.ஓ.எஸ். போதும், அதில் குறைவு ஒன்றுமில்லை.

17. பின்னால நீட், ஜே.இ.இ., கவுன்சிலிங்ல இடிக்குமா?

நீட்: திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தவர்கள் எழுதலாமா என்ற வழக்கு பல ஆண்டு ஓடி, 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஜே.இ.இ.க்கும் ஐந்து பாடத்தோடு முடித்தால் தடையில்லை. என்.ஐ.டி., ஐ.ஐ.டி. சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65) அல்லது தன் வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் என்ற நிபந்தனை இவர்களுக்கும் உண்டு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பதால், சீக்கிரம் முடித்து ஓராண்டு மிச்சம் பிடிக்கும் திட்டம் நடக்காது.

மாநில ஒதுக்கீடுதான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல். கர்நாடகத்தின் சி.இ.டி. (பொது நுழைவுத் தேர்வு) வழியில் உள்ளூர் மாணவராகத் தகுதி பெற வழக்கமான பிரிவு, 1 முதல் 12-க்குள் ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகளில் படித்திருக்க வேண்டும் என்கிறது. வீட்டில் படித்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் சேராது. பெற்றோரின் படிப்பையும் வேலையையும் வைத்துத் தகுதி தரும் வேறு பிரிவுகளும் உண்டு. அவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சிலிங்கில் 8 முதல் 12 வரை அங்கே படிக்காதவர்கள், பூர்வீகம் தமிழ்நாடு என்றால் நேட்டிவிட்டி சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தாசில்தார் அலுவலகம் கேட்கும் பெற்றோரின் பழைய பள்ளிச் சான்றுகள், முகவரி ஆவணங்களை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பெங்களூரில் இருபது ஆண்டு இருந்துவிட்டு, ஆதார் முதல் ரேஷன் கார்டு வரை மாற்றிக்கொண்ட குடும்பங்களுக்கு இது கடைசி நேரத்தில் எளிதாகக் கிடைக்காது.

18. பதினோரு வயசுல 'நான் ஸ்கூலுக்குப் போகணும்'னு சொல்றா. என்ன பண்றது?

முதலில் ஏன் என்று கேளுங்கள். தோழிகள் வேண்டும் என்றால் 11-ஆம் கேள்வியில் உள்ளதைச் சரிசெய்தாலே போதுமாக இருக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்தும் அதையே சொன்னால் சேர்த்துவிடுங்கள். பிள்ளையின் விருப்பத்தை மதித்துத் தொடங்கிய கல்வியில் இந்த விருப்பத்தை மட்டும் மறுப்பது நியாயமில்லை.

பள்ளி சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. தனியார் பள்ளிகள் நடைமுறையில் ஒரு நுழைவுத் தேர்வு வைப்பார்கள். டிசம்பரில் பேசத் தொடங்குங்கள். டி.சி., சாட்ஸ் எண், 13-ஆம் கேள்வியில் சொன்ன கோப்பு மூன்றையும் கொண்டுபோங்கள். சேரும் முன் மூன்று மாதம் அந்தப் பள்ளியின் கணக்குப் புத்தகத்தையும் கன்னடப் புத்தகத்தையும் வாங்கி நடத்துங்கள். மற்ற பாடங்களைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும், இவை இரண்டும்தான் முதல் மாதத்தில் அழ வைப்பவை. எட்டாம் வகுப்புக்குள் சேர்ப்பது எளிது. ஒன்பதில் வாரியப் பதிவு நடப்பதால் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்க்கப் பள்ளிகள் சம்மதிப்பது அரிது.